காற்றும் களமும்

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்னும் பழமொழியை நாம் எல்லோரும் அறிவோம். காலத்தின் அருமையை உணர்த்த அதனை எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால், நெல் தூற்றிய உழவன் காற்றை எதிர்பார்த்து நிற்பதற்கு முன்பே வேறொரு செயலைச் செய்து முடித்திருந்தான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவன் களத்துக்கு இடம் தேர்ந்திருந்தான். மரமும் வீடும் மறைக்காத மேட்டு நிலமா, மழை பெய்தால் நீர் தேங்காத தரையா, பதர் பறந்து விழும் பக்கத்தில் பிறர் வாயிலோ குடிநீர்க் கிணறோ இருக்கின்றதா என்றெல்லாம் பார்த்த பின்னரே அவன் களத்தைச் செதுக்கிச் சாணமிட்டு மெழுகினான். காற்று வருவது இயற்கையின் செயல். களம் அமைப்பது மனிதன் செயல். முன்னதற்கு நாம் பொறுப்பாளர் அல்லர்; பின்னதற்கு நாமே முழுப் பொறுப்பாளர்.

இன்று உலகின் சில நாடுகளில் புதுவகைக் காற்றாலை ஒன்று முயற்சியில் இருக்கிறது. அதற்குக் கோபுரம் இல்லை. பெரியதொரு துணிப் பட்டமோ, சிறு வானூர்தி போன்ற இறக்கையோ கயிற்றில் கட்டுண்டு உயரத்தில் பறக்கும். அங்குள்ள வலிய காற்றிலிருந்து மின்சாரம் பெறப்படும். 'பறக்கும் காற்றாலை' என்று அதனை நாம் அழைக்கலாம். அதற்குக் களம் எங்கே அமைப்பது என்னும் வினாவைப் பற்றியே ஈண்டுச் சில சொல்ல விரும்புகிறேன். குஜராத்தில் வாழும் நமக்கு அவ்வினா அயலானதன்று என்பதை அன்பர்கள் போகப் போக உணர்வர்.

என் தொழில் காற்றை அளப்பது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1990 ஆம் ஆண்டில் அகமதாபாத்துக்கு வந்தேன். கச்சிலும் சௌராஷ்டிரத்திலும் உயரமான இரும்புக் கம்பங்களை நட்டு, அவற்றின் மேல் கிண்ணங்கள் சுழலும் கருவிகளைப் பொருத்தி, காற்றின் விரைவையும் திசையையும் ஆண்டுக்கணக்கில் குறித்து வைப்பதே என் பணியாக இருந்தது. இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் இப்போது பொறியியல் வல்லுநர். பறக்கும் காற்றாலை ஒன்றைச் சோதித்துப் பார்க்க விரும்பிய இளைஞர் குழு ஒன்று, மேற்குக் கச்சில் தாங்கள் குறித்துவைத்த ஓரிடம் ஏற்றதுதானா என்று ஆராய்ந்து சொல்லுமாறு அவளைக் கேட்டது. அவள் என்னிடம் வந்து, "அப்பா, நீங்களும் வாருங்கள். காற்றின் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், நிலத்தின் கணக்கை நீங்கள் பாருங்கள்" என்றாள். ஓய்வு பெற்றவனுக்கு இதனினும் மகிழ்ச்சி தரும் அழைப்பு வேறுண்டோ?

முதலில் இந்தப் பொறி இயங்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். உத்தராயணத் திருநாளில் மொட்டைமாடியில் நின்று பட்டம் விட்ட நம் பிள்ளைகளுக்கு அது எளிதில் விளங்கும். ஒருவர் பட்டத்தை ஆட்டுவார். மற்றொருவர் நூல் சுற்றிய பிர்க்கியைப் பிடித்திருப்பார். "டீல்" என்றால் நூலைத் தளர்த்திவிட வேண்டும். "கேஞ்ச்" என்றால் இழுக்க வேண்டும். டீல் விடும்போது பட்டம் நூலை இழுத்துக்கொண்டு ஓட, பிர்க்கி கையில் விர்ரென்று சுழலும். அந்தப் பிர்க்கியோடு ஒரு மின்னாக்கியை இணைத்தால் என்ன ஆகும்? சுழற்சி மின்சாரமாகும். நூல் முழுதும் ஓடி முடிந்ததும், பட்டத்தின் இழுவிசை குறையுமாறு அதனைத் திருப்பி, ஈட்டிய மின்சாரத்தில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டுக் கயிற்றை மீண்டும் சுற்றிக்கொள்ளலாம். பின்னர் மறுபடியும் டீல். வரவும் செலவும் மாறி மாறி நிகழ்ந்து, முடிவில் வரவே மிகும். இது ஒரு வகை. இறக்கையின் மேலேயே சிறு மின்னாக்கிகளைப் பொருத்தி, கயிற்றினுள் ஓடும் கம்பி வழியாக மின்சாரத்தைத் தரைக்கு இறக்குவது மற்றொரு வகை.

இவற்றின் அடிப்படைக் கணக்கை அமெரிக்கப் பொறியாளர் மைல்ஸ் லாயிட் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பட்டம் ஓரிடத்தில் அசையாது நிற்பதைவிட, காற்றுக்குக் குறுக்கே விரைந்து எட்டு வடிவில் சுற்றிவந்தால் பன்மடங்கு ஆற்றல் கிடைக்கும் என்று அவர் காட்டினார். கோபுரக் காற்றாலையிலும் இறக்கையின் நுனிப்பகுதியே மிகுதியான வேலையைச் செய்கிறது. அந்த நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, கோபுரத்தையும் எஞ்சிய இறக்கையையும் நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டினால் அதுவே பறக்கும் காற்றாலை. விண்வெளிக்குச் சென்று வந்த நெதர்லாந்து நாட்டு அறிஞர் வுப்போ ஓக்கல்ஸ், டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டவருள் ஒருவர்.

இனி இடத்துக்கு வருவோம். இடம் தேர்வோர் முதலில் விரிப்பது காற்றின் வரைபடத்தையே. அதற்குக் காரணம் உண்டு. காற்றின் விரைவு இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். தரைக்கு அருகே மரமும் மேடும் வீடும் காற்றைத் தடுக்கின்றன. மேலே செல்லச் செல்லத் தடை குறைகிறது. சமவெளிக்குப் பொதுவாகக் கொள்ளும் கணக்கின்படி, 100 மீட்டர் உயரத்திலிருந்து 400 மீட்டருக்கு ஏறினால் விரைவு ஏறத்தாழ 22 விழுக்காடு கூடும். ஆற்றலோ 80 விழுக்காடு கூடும்.

நம் நாட்டுக் காற்றை இவ்வாறு எண்ணால் அறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் அன்னா மாணி அம்மையார். பீர்மேட்டில் 1918 ஆம் ஆண்டில் பிறந்து, இந்திய வானிலைத் துறையில் உயர் பதவி வகித்து, 1976 இல் ஓய்வு பெற்ற பின்னரும் ஓயாது உழைத்து, 1983 இல் இந்தியக் காற்றாற்றல் விவரங்களை நூலாக வெளியிட்டார். அதன் அட்டவணைகளைப் பார்த்தே என்னைப் போன்றோர் தொழில் பயின்றோம். இன்று சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் அப்பணியைத் தொடர்கிறது. அதன் மதிப்பீட்டின்படி நாட்டின் காற்றாற்றல் வாய்ப்பு 100 மீட்டர் உயரத்தில் சுமார் 302 கிகாவாட். 120 மீட்டரில் சுமார் 695. 150 மீட்டரில் சுமார் 1,163. மதிப்பிடும் முறையும் இடையே செம்மையுற்றது என்பது உண்மையே. எனினும் ஐம்பது மீட்டர் உயரத்துக்குள் எத்துணை வேறுபாடு என்று பாருங்கள். 'இன்னும் மேலே சென்றால்?' என்னும் ஆசை எழுவது இயல்பன்றோ?

ஆனால், உயரத்தின் ஊதியம் எங்கும் எப்போதும் ஒன்றுபோல் இராது. கச்சின் வறண்ட நிலத்தில் பகற்பொழுதில் தரை கொதிக்கிறது. வெப்பக்காற்று மேலெழுந்து மேலும் கீழும் உள்ள காற்றைக் கலந்துவிடுகிறது. அப்போது 100 மீட்டரிலும் 300 மீட்டரிலும் விரைவு ஏறத்தாழ ஒன்றே. கதிரவன் மறைந்து தரை குளிர்ந்த பின்னர், கீழ்க்காற்று அடங்கிவிட, சில நூறு மீட்டர் மேலே காற்று ஆறுபோல் விரைந்து ஓடும். ஆகவே, இங்கே பறக்கும் காற்றாலையின் சிறப்பு இரவில்தான் மிகுதியும் வெளிப்படும். பகலில் கதிரவன் மின்சாரமும் இரவில் உயர்காற்றின் மின்சாரமும் ஒன்றுக்கொன்று துணையாகலாம். பருவமும் அவ்வாறே. தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடலின் மேலே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் வலிய காற்றோட்டம் ஒன்று பாய்கிறது. ஃபின்லேட்டர் என்னும் ஆங்கிலேய வானிலை அறிஞர் 1969 இல் அதனை விளக்கியதால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. குஜராத்தின் மேலைக்கரை அப்பருவத்தில் காற்றால் நிறைகிறது. மழை ஓய்ந்த பின்னர் அந்நிறைவு இல்லை. நம் முன்னோர் தென்றல், வாடை, கோடை, கொண்டல் என்று திசையால் காற்றுக்குப் பெயரிட்டனர். இப்புதிய தொழிலுக்குத் திசையோடு உயரமும் நாழிகையும் சேர்த்து அறிய வேண்டியிருக்கிறது.

நம்மவருள் சிலர், "காற்று என்றால் முப்பந்தல்தானே? அங்கே விடலாமே!" என்று கூறுவர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவர்க்கு அது இயல்பான எண்ணமே. ஆனால் மலைகளுக்கு இடையே நெருக்குண்டு வரும் காற்று தரைக்கு அருகிலேயே விரைவு பெற்றுவிடுகிறது. அங்கே மேலே ஏறுவதால் வரும் ஊதியம் குறைவு, கோபுரமே போதுமானது. மேலும், கோபுரங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் கயிற்றில் ஒன்றைப் பறக்கவிட்டால் சிக்கல் நேரும். நல்ல காற்றுள்ள இடமெல்லாம் பட்டத்துக்கு நல்ல இடமாகிவிடாது.

இந்தப் பயணத்தில் எனக்குத் தெளிவான கருத்து ஒன்றுண்டு. கோபுரக் காற்றாலை ஓர் உயரத்துக்குக் கட்டுப்பட்டது. 100 மீட்டரில் காற்று எங்கே நன்றாக உள்ளதோ அங்கேதான் அது போயாக வேண்டும், வேறு வழியில்லை. பட்டத்துக்கு அந்தக் கட்டு இல்லை. இன்று 200 மீட்டரில் காற்று நன்றென்றால் அங்கே பறக்கும். நாளை 300 மீட்டரில் நன்றென்றால் கயிற்றை நீட்டிக்கொள்ளும். கீழே சுமாரான காற்றுள்ள பல இடங்களிலும் அது பிழைக்கும். எனவே, காற்றின் பொருட்டு ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய தேவை அதற்குக் குறைவு. இடத்தைத் தேர்வதில் உரிமை பெரிதாயின், அதனை ஆராய்ந்து தேரும் கடமையும் பெரிதாகும் அல்லவா? ஆதலின், முதலில் பார்க்க வேண்டியது காற்று வரைபடம் அன்று. கயிற்றின் கீழே உள்ள நிலமே என்பது என் துணிபு.

கயிற்றின் கீழே எவ்வளவு நிலம்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். பட்டம் தலைக்கு நேர்மேலே பறப்பதில்லை, சாய்ந்து பறக்கும். சாய்வு 30 பாகை என்று கொண்டால், 500 மீட்டர் நீளமுள்ள கயிற்றில் பட்டத்தின் உயரம் 250 மீட்டரே. காற்று எத்திசையிலும் திரும்பலாம். ஆகவே, கயிற்றின் நீளத்தை ஆரமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்தால் அது சுமார் 78 ஹெக்டேர். நம் வழக்கில் ஏறத்தாழ 194 ஏக்கர். அந்த வட்டத்துக்குள் எங்கும் பட்டம் விழக்கூடும். உயரத்தை இரட்டிப்பாக்கி 500 மீட்டருக்குப் போனால் கயிறு 1,000 மீட்டர் ஆகும். வட்டமோ 314 ஹெக்டேராக விரியும். முன்சொன்ன சமவெளிக் கணக்கின்படி, அதனால் காற்றின் ஆற்றல் 35 விழுக்காடுதான் கூடும். ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூட, நிலமோ நான்கு மடங்காகிறது. உயர உயரப் போவதற்கு வானம் விலை கேட்பதில்லை, நிலம் கேட்கிறது.

நிலத்துக்கு மேலுள்ள வானமும் வெறும் வெளியன்று. 1934 ஆம் ஆண்டின் இந்திய வானூர்திச் சட்டம் பட்டத்தையும் வானூர்தியின் இலக்கணத்துக்குள் வைத்திருந்தது என்று சொன்னால் உத்தராயணம் கொண்டாடும் நம் பிள்ளைகள் சிரிப்பர். 2025 தொடக்கத்தில் அதன் இடத்தில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆளில்லா ஊர்திகளுக்கான 2021 ஆம் ஆண்டு விதிகளோ, எளிதில் பறக்கத்தக்க பசுமை மண்டலத்தில்கூட 120 மீட்டரை எல்லையாக வகுத்துள்ளன. பறக்கும் காற்றாலையின் வாழ்வோ அதற்கு மேலேதான். கச்சில் பூஜிலும் நளியாவிலும் விமானப்படைத் தளங்கள் உள்ளன, எல்லையும் அருகில். கண்ணுக்கு எளிதில் புலப்படாத கயிறொன்று வானில் நிற்பது வானோடிக்கு எத்துணை இடர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இடியும் மின்னலும் வரும்போது பட்டத்தை இறக்கியாக வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இக்கணக்குகளோடு நானும் மகளும் அவ்விடம் சென்றோம். வரைபடத்தில் அது 'தரிசு' என்று வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. சமநிலம், மரம் மிகக் குறைவு, கடற்காற்று தடையின்றி வரும், சாலை அருகில். தாளில் குறை ஒன்றும் இல்லை. நேரில் சென்றபோதோ, ஆட்டுத் தடங்கள் நிலமெங்கும் பின்னிக் கிடந்தன. சற்று நேரத்தில் கால்நடை மேய்க்கும் மால்தாரிப் பெரியவர் ஒருவர் தம் மந்தையோடு வந்தார். எங்கள் கையிலிருந்த தாளையும் கருவியையும் பார்த்து, என்ன செய்கிறோம் என்று கேட்டார். என் மகள் குஜராத்தியில் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திக்ரி, கயிறு அறுந்தால் எந்தப் பக்கம் விழும்?" என்றார். திக்ரி என்றால் மகள்.

"காற்று போகும் பக்கம், பெரியவரே."

"மழைக்காலத்தில் இங்கே காற்று தென்மேற்கிலிருந்து வரும். அப்படியானால் வடகிழக்கே விழும். எங்கள் குளம் அங்கேதான் இருக்கிறது. மாலையில் எல்லா மந்தையும் அங்கேதான் நிற்கும். நீங்கள் இரவில்தான் நன்றாக ஓடும் என்கிறீர்கள். இருட்டில் அது விழுந்தால் ஆடு எந்தப் பக்கம் ஓடும்?"

அவர் கையில் கருவி இல்லை, ஏட்டறிவும் இல்லை. ஆனால், நான் ஆண்டுக்கணக்கில் கம்பம் நட்டு அறிந்த காற்றின் திசையை அவர் ஒரு சொல்லில் சொல்லிவிட்டார். அதன் பின்னர் நாங்கள் வரையாத கோட்டையும் வரைந்து காட்டிவிட்டார். "மேய்ச்சலைத் தடுக்க மாட்டோம் என்று அவர்கள் எழுதித் தருவார்கள்" என்றாள் மகள். "எழுதுவார்கள். ஆடு படிக்காது" என்றார் பெரியவர். அவர் குரலில் சினம் இல்லை. இதற்கு முன் வந்த கோபுரங்களையும் மின்கம்பிகளையும் பார்த்துப் பழகியவரின் அமைதி இருந்தது. அந்த 194 ஏக்கரில் எத்தனை குடும்பங்களின் ஆடுகள் மேய்கின்றன என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணிப் பதினொரு குடும்பம் என்றார். தரிசு என்று வண்ணம் தீட்டிய தாளில் பதினொரு குடும்பத்துக்கு இடமில்லை.

பறவைகளையும் மறத்தல் ஆகாது. கச்சின் அப்டாசா வட்டாரம் கானமயிலுக்கு எஞ்சியுள்ள மிகச்சில இருப்பிடங்களுள் ஒன்று. ஒரு காலத்தில் தமிழகத்துப் புல்வெளிகளிலும் வாழ்ந்த பறவை அது. கனத்த உடலும் முன்னே நேராகக் காணாத பார்வையும் உடையதாதலின், மின்கம்பியில் மோதி மாய்கிறது. அதன் வாழிடங்களில் மின்கம்பிகளை நிலத்தடியில் பதிக்குமாறு 2021 இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது; 2024 இல் அவ்வாணையைத் திருத்தி, வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விட்டது. நிற்கும் கம்பியையே காணாத பறவை, விரைந்து அலையும் கயிற்றை எவ்வாறு காணும்? நூலின் தீங்கை நாம் ஒவ்வொரு தைமாதமும் கண்ணெதிரே காண்கிறோம். நைலான் மாஞ்சா நூலைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 இல் நாடெங்கும் தடை செய்த பின்னரும், கழுத்தறுபட்ட பறவைகளையும் இருசக்கர வண்டியில் சென்று காயமுற்றவர்களையும் பற்றிய செய்தி வராத உத்தராயணம் இல்லை. மணிநகரில் நம் பிள்ளைகள் சிலர் அந்நாள்களில் பறவைகளுக்கு மருத்துவம் செய்யும் தொண்டில் ஈடுபடுவது நமக்குப் பெருமை.

அடுத்து, தேவை என்னும் கணக்கு. மின்சாரம் யாருக்காக? சிறிய ரண்ணின் உப்பளங்களில் உழைக்கும் அகரியா மக்கள் நிலத்தடி உவர்நீரை இறைக்க நெடுங்காலம் டீசலுக்கே தம் உழைப்பின் பெரும்பங்கைக் கொடுத்து வந்தனர்; அண்மைக் காலத்தில் கதிரவன் ஆற்றலால் இயங்கும் இறைப்பிகள் பரவி வருகின்றன. அங்கே பட்டத்தை விட்டால் என்ன என்று மகள் கேட்டாள். நல்ல எண்ணந்தான். ஆனால், உப்பு விளைவது மழை ஓய்ந்த பின் ஐப்பசி முதல் கோடை வரை. காற்று மிகுவதோ மழைக்காலத்தில். அப்போது ரண் நீரில் மூழ்கிக் கிடக்கும். அளத்தில் ஆளே இருப்பதில்லை. காற்று வரும்போது தேவை இல்லை. தேவை வரும்போது காற்று குறைவு. அன்றியும் அது 1973 முதல் காட்டுக்கழுதைகளின் புகலிடம். இடம் மட்டுமன்றிப் பருவமும் பொருந்த வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பிற நாட்டார் எங்கே களம் அமைத்தனர் என்று பார்ப்பதும் பயன் தரும். தமிழர் பலர் தலைமுறைகளாக வாழும் மொரீஷியஸ் தீவில் 2021 இல் ஜெர்மானிய நிறுவனமான ஸ்கைசெய்ல்ஸ் ஒரு பெரும் பட்டத்தை நிறுவியது. தீவுக்கு எரிபொருள் கப்பலில் வர வேண்டும். தென்கிழக்கு வணிகக் காற்றோ பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வீசும். திசை மாறாக் காற்றென்றால் பட்டம் பறக்கும் பக்கமும் பெரும்பாலும் ஒன்றே; வட்டத்தின் ஒரு பகுதியே மிகுதியும் பயன்படும். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் பாங்கர் எரிஸ் அருகே, குடியிருப்பு மிகக் குறைந்த சதுப்பு நிலத்தில், இத்தகைய பொறிகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு களம் அமைத்தனர். டெல்ஃப்டிலிருந்து கிளைத்த கைட்பவர் நிறுவனம் 2023 இல் அங்கே பட்டம் விட்டது. அமெரிக்காவின் மக்கானி நிறுவனம் 2019 இல் நார்வே நாட்டுக் கடலில் மிதவை ஒன்றிலிருந்து தன் பேரிறக்கையைப் பறக்கவிட்டது. அது கடலில் வீழ்ந்து அழிந்தது. மறு ஆண்டே நிறுவனமும் மூடப்பட்டது. அதனைத் தோல்வி என்பர். எனினும், அது வீழ்ந்தபோது கீழே ஓர் ஊர் இருக்கவில்லை, அலையே இருந்தது. வீழ்ந்தாலும் பிறர்க்குக் கேடு விளையாத இடத்தில் சோதித்த அளவில் அத்தேர்வு நல்ல தேர்வே.

நான் இவற்றைச் சொன்னபோது, நம் சங்கத்து நண்பர் ஒருவர் மறுத்துரைத்தார். "எந்த நிலத்தில்தான் ஆள் இல்லை? எந்த வானத்தில்தான் பறவை இல்லை? இப்படிப் பார்த்தால் எங்கும் எதுவும் செய்ய முடியாது. நிலக்கரிப் புகையை உண்டுகொண்டே இருக்க வேண்டியதுதான்" என்றார். அவர் சொல்லில் உண்மை இல்லாமல் இல்லை. மின்சாரம் வேண்டும், தூய மின்சாரம் மிகவும் வேண்டும். ஆனால், இவ்வாதம் கோபுரத்துக்கு ஓரளவு பொருந்தலாம், பட்டத்துக்குப் பொருந்தாது. அதற்கு வேறு இடங்கள் உண்டு. 7 மீட்டர் விரைவுள்ள காற்றுக்குப் பதில் 6.5 மீட்டர் விரைவுள்ள இடத்தை ஏற்றால், காற்றின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அக்குறையின் ஒரு பகுதியைக் கயிற்றைச் சற்று நீட்டி மீட்கலாம்; எஞ்சியதை இழப்பாக ஏற்கலாம். பதினொரு குடும்பத்தின் மேய்ச்சலை எந்தக் கயிற்றை நீட்டி மீட்பது?

காற்றை முதலில் பார்ப்பவன் அதன்மேல் காதல் கொண்டுவிடுகிறான். பின்னர் வரும் ஆடும் ஆளும் பறவையும் அவனுக்குத் தடைகளாகவே தோன்றும். நிலத்தை முதலில் பார்ப்பவனுக்கோ அவை அவ்விடத்தின் உடைமைகளாகத் தோன்றும். வினாக்கள் அவையே, கேட்கும் வரிசைதான் வேறு. வரிசை மாறினால் விடையும் மாறிவிடுகிறது.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது புதிய பாடமன்று. ஆலைத் தொழில் நாடி நம் முன்னோர் இந்நகருக்கு வந்தபோது, கூலி எவ்வளவு என்பதை மட்டும் கேட்டு வந்தவரும் உண்டு. அங்கே அண்டை வீட்டார் யார், தண்ணீர் எங்கே, பிள்ளைக்குப் பள்ளி உண்டா என்றும் கேட்டு வந்தவரும் உண்டு. இரண்டாமவரே வேர் கொண்டு நிலைத்தனர். பிறர் வாழும் நிலத்தில் கால் வைக்கும்போது அவர்களை முதலில் அறிந்துகொள்வது நாகரிகம் மட்டுமன்று. பிழைக்கும் வழியும் அதுவே.

என் மகள் அறிக்கையை எழுதி முடித்தாள். குறித்த இடம் வேண்டா என்றும், சற்றுத் தொலைவில் முன்பே தோண்டி ஒழிந்த சுரங்க நிலத்தை ஆராயலாம் என்றும் அதில் கூறியிருக்கிறாள். அங்கே காற்று சிறிது குறைவு. ஆனால் மேய்ச்சல் இல்லை, குளம் இல்லை, வட்டத்துக்குள் வீடும் இல்லை. கானமயில் வருகிறதா என்பதை ஓராண்டு பார்த்து அறிய வேண்டும் என்றும், வானூர்தித் துறையின் இசைவைப் பெற்ற பின்னரே கம்பம் நடவேண்டும் என்றும் எழுதியிருக்கிறாள். ஓராண்டுக் காத்திருப்பு அவ்விளைஞர்களுக்குப் பெரும் பணச்சுமை; அவர்கள் ஏற்பார்களா என்பது இனித்தான் தெரியும். ஏற்காவிடில் அடுத்த பணி அவளுக்கு வாராமலும் போகலாம். அதனை அறிந்தே அவள் கையொப்பமிட்டாள்.

நம் குடும்பங்களிலிருந்து ஆண்டுதோறும் பல பிள்ளைகள் பொறியியல் கற்று வெளிவருகின்றனர். அவர்களுள் சிலரேனும் நாளை இத்தகைய இடங்களைத் தேர்ந்து கையொப்பமிடும் நிலைக்கு வருவர். அவர்கட்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. மகளின் அறிக்கையில் முதல் அட்டவணை காற்றின் விரைவைப் பற்றியதன்று. கயிற்றின் கீழே வாழ்வோர் யார், மேய்வது எது, பறப்பது எது என்பதைப் பற்றியது. காற்று நான்காம் பக்கத்தில்தான் வருகிறது. அந்த வரிசையை அவர்கள் மாற்றாதிருப்பார்களாக.